ரேஷன் கார்டுல பேரு இருந்தா போதுமா, அது குடும்பமாயிடுமா?

தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிங்களுக்கு மாசாமாசம் தர்ற மகளிர் உரிமைத் தொகைன்னு பேச்செடுத்தாலே ரெண்டு கோஷ்டி வந்துடுது. ஒரு பக்கம் இலவசம் இலவசம்னு திட்டுறவங்க, இன்னொரு பக்கம் அதான் எல்லாருக்கும் குடுத்தாச்சேன்னு சொல்றவங்க. நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிற பொம்பளைங்களப் பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்துல தொடங்குனப்ப வச்ச விதிங்க ஞாபகம் இருக்கும். 21 வயசு முடிஞ்சிருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள, நஞ்சைன்னா 5 ஏக்கர் புஞ்சைன்னா 10 ஏக்கர், கரண்டு வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள, குடும்பத்துல கவர்மெண்ட் வேலைக்காரங்க, இன்கம் டாக்ஸ் கட்டுறவங்க யாரும் இருக்கக் கூடாது, ஒரு கார்டுக்கு ஒரு பொண்ணு. வரம்பே வேணாம்னு நான் சொல்லல, வசதி இருக்கறவங்களுக்குப் போகக் கூடாதுதான். ஆனா அத்தனையும் குடும்பத்த வச்சுத்தான் பாக்குறாங்க, குடும்பம் எதுன்னு ரேஷன் கார்டு சொல்லுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, புருஷனுக்கு கவர்மெண்ட் உத்தியோகம். அவரு வேற ஒருத்தங்களோட போயிட்டாரு, பத்து பைசா தர்றதில்ல. அக்கா ரெண்டு பிள்ளைங்களோட அம்மா வீட்டுல இருந்துக்கிட்டு தையல் மெஷின் ஓட்டி காலம் தள்ளுறாங்க. கார்டுல பேரு மட்டும் இன்னும் அவரு கூடத்தான், அதனால ஆபீஸ் கணக்குல இவங்க அரசு ஊழியர் மனைவி. அவரு சம்பளம் இவங்க வருமானமாம்! சரி பேரத் தனியா எடுத்துக்கலாம்னு ஆன்லைன்ல போனா ஓடிபி கார்டுல பதிஞ்ச நம்பருக்குப் போகுது, அந்த ஃபோன் அவரு பாக்கெட்டுல இருக்கு.

கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை இருக்கேன்னு கேப்பீங்க. அதுக்கு 30 வயசு ஆகியிருக்கணும், அதோட டைவர்ஸ் இல்லன்னா கோர்ட்டுல பிரிஞ்சதுக்கான சான்று வேணும், ரெண்டும் இல்லாட்டி அவரு விட்டுட்டுப் போய் 5 வருஷம் ஆகியிருக்கணும். 5 வருஷம்ங்க. அவரு போறப்ப ஒண்ணாங்கிளாஸ்ல இருந்த பிள்ளை ஆறாங்கிளாஸ் வந்துடும். அரிசி வாங்க காசில்லாதவங்க வக்கீலுக்கு எங்க போவாங்க?

புருஷன் செத்துப் போனா மட்டும் என்ன, விதவை பென்ஷன 2023ல 1200 ஆக்குனாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பென்ஷன் வாங்குறவங்களுக்கு உரிமைத் தொகை கிடையாது. 1000 வாங்கிக்கிட்டு இருந்த பொண்ணு விதவையானா 1200க்கு மாறுறாங்க, அவ்ளோதான். ஒரு ஆளோட சம்பாத்தியமே போயிடுச்சு, கூட வர்றது 200 ரூபா. இத யோசிச்சா எனக்கு மனசே ஆற மாட்டேங்குது.

விதிய மாத்த முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. முதல்ல முதியோர் பென்ஷன் வாங்குற வீட்டுக்கே கிடையாதுன்னுதான் வச்சாங்க, மாமியார் பென்ஷன் வாங்குனா மருமகளுக்கு இல்ல. எல்லாரும் கேட்டதுக்கப்புறம் அதே 2023 ஆகஸ்ட்லயே தளர்த்தினாங்க. அதே மாதிரி பிரிஞ்சு இருக்கற பொண்ணுங்களுக்கும் விஏஓ நேர்ல வந்து விசாரிச்சு எழுதிக் குடுத்தா தனிக் குடும்பமா எடுத்துக்கணும், அந்த 5 வருஷத்த 1 வருஷமாக் குறைக்கணும், விதவையானவங்களுக்கு ரெண்டையும் சேத்துக் குடுக்கணும். இதத்தான் கேக்குறோம்.

ரிஜெக்ட் ஆனவங்க யாராச்சும் இதப் படிச்சா, மெசேஜ் வந்த 30 நாளுக்குள்ள இ-சேவை மையத்துல ஆர்டிஓவுக்கு (வருவாய் கோட்டாட்சியர்) மேல்முறையீடு போடலாம். தனியா இருக்கறதுக்கு என்ன பேப்பர் கைல இருந்தாலும் அதையும் சேத்துக் குடுங்க, வீட்டு வாடகை ரசீதோ பிள்ளைங்க ஸ்கூல் பேப்பரோ எதுவா இருந்தாலும் சரி.