ஓட்டில்லாத ஏழு பேர் தேர்ந்தெடுத்த அதிபர்

இனிமேல் எந்தப் பிறந்தநாள் விழாவிலாவது யாராவது பேப்பர் தட்டில் பஜ்ஜியோடு வந்து உட்கார்ந்து "2028-ல ஏஓசி வந்துருமா தம்பி?" என்று கேட்டால், அந்தத் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, நடந்தே பிராங்க்ஸ் போய்ச் சேர்ந்துவிடுவேன். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து நடந்தே. (ஏஓசி என்றால் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ், நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி எம்பி, பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். 2028-ல் அவர் அமெரிக்க அதிபராக வந்துவிடுவாரா என்பதுதான் கேள்வி.)

போன சனிக்கிழமை சகலை வீட்டில் அவர் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஆறரைக்குப் போய், லேட்டாகிவிட்டது என்று அசடு வழிந்தால், கேக் வெட்டுவதே எட்டரைக்காம். (இதற்கே தனிப் பதிவு போடலாம், இன்று தெம்பில்லை.) சகலை என்னை சோபாவின் மூலையில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவர், முழங்காலை இடிக்கிற மாதிரி எதிரே டீப்பாய். அது சோபா இல்லை, கூண்டு. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பொண்ணு நிக்கவே முடியாது. போர்ட்டோ ரிக்கோல பொறந்தது."

யாரிடம் சொல்கிறார்? நியூயார்க் பிராங்க்ஸில், பார்க்செஸ்டரில் ஆறு வருஷமாக வாடகை கட்டுகிறவனிடம். அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் பிறந்தது பிராங்க்ஸில். ஐந்து வயது வரை இருந்தது நான் குடியிருக்கிற இதே பார்க்செஸ்டரில். அமெரிக்காவின் கீழ் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு அவருடைய அம்மாவின் ஊர். இதைச் சொன்னேன். தணிந்த குரலில்தான் சொன்னேன், என் மனைவி சாட்சி.

"இல்ல தம்பி, நான் வீடியோ பாத்தேன்."

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து டீப்பாயில் விரித்தாலும், வீடியோ வீடியோதான். சரி, வேறு வழியாகப் போவோம் என்று, போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917-லிருந்தே அமெரிக்கக் குடிமக்கள் அண்ணே, அதுவும் போக ஜான் மெக்கெய்ன் பிறந்தது பனாமா கால்வாய்ப் பகுதியில், அவர் 2008-ல் அதிபர் தேர்தலில் நிற்கவில்லையா என்று கேட்டேன்.

"ஜெயிச்சாரா?"

"இல்லண்ணே, தோத்துட்டார்."

"அதான் சொல்றேன்."

எதைச் சொல்கிறார்? எதை அண்ணே சொல்கிறீர்கள்? ஐந்து நாள் ஆகிறது, இன்று காலை பல் தேய்க்கும்போதும் யோசித்தேன், அந்த "அதான்" எது என்று விளங்கவில்லை.

அடுத்து வயசு. அதிபராக நாற்பது ஆகவேண்டும் என்றார். முப்பத்தைந்து என்றேன். நாற்பது என்றார். முப்பத்தைந்துதான், அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, அவருக்கு 2024 அக்டோபரிலேயே முப்பத்தைந்து முடிந்துவிட்டது என்றேன். "இரு, கேட்டுருவோம்" என்று போனை எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற சத்தத்தில் "ஏ... ஓ... சி... ஏஜ்!" என்றார். போன் என்ன காட்டியது தெரியுமா? கம்ப்யூட்டர் மானிட்டர். அந்தப் பெயரில் ஒரு மானிட்டர் கம்பெனி இருக்கிறது. சகலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, 27 இஞ்சு, வெல பரவால்லயே?" என்றார். அப்புறம் இருபது நிமிஷம் மானிட்டர். வளைந்தது நல்லதா, தட்டையானது நல்லதா, சுவரில் மாட்ட ஸ்டாண்டு தனியா. உண்மையைச் சொன்னால் அன்றைய சாயங்காலத்திலேயே நிம்மதியான இருபது நிமிஷம் அதுதான். ஏதாவது ஒரு மானிட்டரை அவர் ஆர்டர் போட்டுத் தொலைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

போடவில்லை. இரண்டாவது ஈடு பஜ்ஜி வந்தது. மனிதர் ஒரு கடி கடித்துவிட்டு, போன அரைமணி நேரம் நடக்கவே நடக்காதது போல ஆரம்பிக்கிறார்: "ஆனா தம்பி, எழுதி வெச்சுக்கோ. அது வந்துரும்."

நிற்கவே முடியாதவர் இப்போது வந்துவிடுவார்! ஏன்? டென்வரில் 34,000 பேர் கூடினார்களாம். செனட்டர் பெர்னி சாண்டர்ஸோடு 2025 மார்ச்சில் நடத்திய கூட்டம், அந்த எண்ணிக்கையும் நடத்தியவர்களே சொன்னது. கூட்டம் ஓட்டாகாது என்பதை மதுரையில் தெருமுனைக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே நானும் யோக்கியன் இல்லை. வாயை மூடிக்கொண்டு வெங்காய பஜ்ஜியைத் தின்றிருக்கலாம். கேட்டால்தானே. பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்துகொண்டே நேராக அதிபரானவர் இந்த நாட்டுச் சரித்திரத்தில் ஒரே ஒருத்தர்தான், 1880-ல் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, என்று பெருமையாக எடுத்துவிட்டேன்.

"அவரு என்ன ஆனாரு?"

தெரிந்தே போய் விழுந்தேன். "பதவியேத்து நாலு மாசத்துல சுட்டுட்டாங்க."

"அதான் சொல்றேன்."

பொறுமை அங்கேதான் அறுந்தது. அண்ணே, சொந்தக் கட்சி எம்பிக்களே அவருக்கு ஒரு கமிட்டிப் பதவி தரவில்லை அண்ணே. 2024 டிசம்பரில் மேற்பார்வைக் கமிட்டியில் கட்சியின் முதல் இடத்துக்குப் போட்டி போட்டார். 131-க்கு 84 என்று 74 வயது ஜெர்ரி கானலியிடம் தோற்க வைத்தார்கள். அந்த மனிதருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தேதான் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த மே மாதமே பாவம் இறந்துபோனார். 'உன் முறை வரும், வரிசையில் நில்' என்று சொல்கிற கட்சி அது. 35 வயதுக்காரிக்கு ஒரு கமிட்டி நாற்காலி தராதவர்கள் 39 வயதில் வெள்ளை மாளிகைச் சாவியையா கொடுத்துவிடுவார்கள் என்று கத்தினேன். நிஜமாகவே கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வீட்டுக்குப் போனதும் தனியாகக் கணக்குத் தீர்த்தது வேறு கதை.

சகலை அசரவில்லை. "அப்ப ஷூமர் சீட்டு" என்றார். நியூயார்க் செனட்டர் சக் ஷூமரின் இடத்துக்கு 2028-ல் தேர்தல் வருகிறது, அதில் நின்றுவிட்டு, அப்புறம் 2032-ல் இது, 2036-ல் அது என்று, என்னமோ அவரே டிக்கெட் புக் பண்ணிக் கொடுக்கிற மாதிரி, டீப்பாயில் பஜ்ஜி எண்ணெய் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

எனக்குப் புரியாததே இதுதான். யாராவது ஒரு சின்ன வயசுக்காரர் வாயைத் திறந்து நாலு வார்த்தை உருப்படியாகப் பேசிவிட்டால் போதும், மறுநாள் காலை "அதிபர் ஆவாரா?" நடுவில் ஒன்றுமே கிடையாதா? சகலை மகள் போன மாசம் பள்ளியில் ஸ்பெல்லிங் போட்டியில் ஒரு கஷ்டமான வார்த்தையைச் சரியாகச் சொன்னது. அன்றைக்கு அந்தக் குழந்தையைப் பார்த்த அத்தனை பேரும் கேட்டது "நேஷனல்ஸ் எப்போடா?" அது பாவம், பலூனைப் பிடித்துக்கொண்டு முழித்தது.

2018 ஜூன் 26-ல் நடந்ததைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? பார் கவுண்டரில் வேலை பார்த்த 28 வயதுப் பெண், பத்துமுறை ஜெயித்து, பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நாலாவது இடத்தில் இருந்த ஜோ கிராலியை வீட்டுக்கு அனுப்பினார். கிராலி ஒரு விவாதத்துக்குத் தான் வராமல் வேறொருவரை அனுப்பிவைத்த தைரியசாலி. எத்தனை ஓட்டில் ஏஓசி ஜெயித்தார்? வாங்கியதே 17,000-க்கும் குறைவு. ஏறக்குறைய ஏழு லட்சம் ஜனம் வாழ்கிற தொகுதியில்! வீடு வீடாக ஏறி இறங்கி ஷூ அடிப்பாகம் ஓட்டையாகி, அந்த ஷூவைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்காட்சிக்கு வைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைநாள், எவனுக்கும் ஞாபகமில்லாத உள்கட்சித் தேர்தல். முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதில் சுவாரசியம் இல்லை. அதிபர் ஆவாரா சொல்லு.

இது போதாதென்று, சோரான் மம்தானி நியூயார்க் மேயரானதிலிருந்து நோய் இன்னும் முற்றிவிட்டது. மனிதர் 2026 ஜனவரி 1-ஆம் தேதி பதவியேற்றார், அப்போது வயது 34. குப்பை லாரி, பஸ், வாடகை என்று தலைக்கு மேல் வேலை. அவரையும் சகலை அதிபராக்கிவிட்டார், ஏஓசி துணை அதிபர். உகாண்டாவில், கம்பாலாவில் பிறந்தவர் அண்ணே, பிறவியிலேயே குடிமகனாக இருந்தால்தான் அதிபராக முடியும் என்றேன். போர்ட்டோ ரிக்கோ என்று பிராங்க்ஸ்காரியைத் தடுத்த அதே மனிதர், நிஜமாகவே வெளிநாட்டில் பிறந்தவருக்கு என்ன சொன்னார் தெரியுமா? "சட்டத்த மாத்திருவாங்க தம்பி."

மாற்றுவார்கள். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அரசியல் சாசனத்தின் 27-ஆவது திருத்தம் 1789-ல் அனுப்பப்பட்டு 1992-ல் நிறைவேறியது. 202 வருஷம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற எங்களுக்கு அது ஒன்றும் பெரிய வேகக் குறைவாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

கிரீன் கார்டு என்றதும்தான் எனக்கு உறைத்தது. கை கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு, விரல் விட்டு எண்ணினேன். அந்த ஹாலில் பெரியவர்கள் ஒன்பது பேர். சகலைக்கு எச்-1பி வேலை விசா, ஓட்டு இல்லை. அவர் மனைவிக்கு இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் இல்லை. பெங்களூரிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கிற மாமனார், மாமியாருக்கு எங்கே இருக்கும்? பலூன் கட்டிய பையன் மாணவர் விசாவில் இருக்கிறான். மிச்சம் இரண்டே பேர். ஒருவர் குடிமகன், குவீன்ஸில் வீடு, ஆனால் வம்பே வேண்டாம் என்று எந்தக் கட்சியிலும் பெயர் பதியவில்லை. நியூயார்க்கில் கட்சியில் பதியாதவர் அந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ஓட்டுப் போட முடியாது. அதாவது எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்கிற தேர்தலில் அவருக்கும் இல்லை. இன்னொருவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அவர் ஆறே முக்காலிலிருந்து சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. அப்படிச் சிரித்தேன். இரண்டு மணி நேரம், தொண்டை கட்ட, சகலையோடு உறவு கெட, பஜ்ஜி ஆறிப்போக, ஓட்டுச்சாவடி வாசலில்கூட நிற்க முடியாத இரண்டு பேர் அமெரிக்காவுக்கு அதிபர் வைத்துக்கொண்டிருந்தோம்.

கேக் ஒருவழியாக ஒன்பதுக்கு வெட்டினார்கள். திரும்பி வரும்போது பாலத்துக்கு டோல் வேறு.

இதெல்லாம்கூட மறந்துவிடுவேன். எங்கள் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு, அடியில் அப்பா பேர் வெட்டினது, போன வருஷப் பிறந்தநாளுக்கு அதில்தான் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். ஒரு வருஷமாகக் கேட்கிறோம். இந்தத் தடவை கிளம்பும்போது சகலை மனைவி மறக்காமல் ஒரு பையைக் கையில் திணித்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே மூடி மட்டும் இருக்கிறது.