காதால் எஞ்சின் பார்க்கும் வைத்தியர்

"சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன், தம்பி" என்றார் கொழும்பு கிராண்ட்பாஸ் கராஜ்காரர். அந்த நிமிடமே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

வண்டி, இராணுவ ஏலத்தில் கழிந்த பழைய லேண்ட் ரோவர். 300 டிடிஐ எஞ்சின், 2495 சிசி, நான்கு சிலிண்டர் டீசல். "போயும் போயும் ஆமி ஜீப்பா கிடைத்தது?" என்று மாமா இன்றும் கேட்கிறார், அது வேறு வழக்கு. காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகிவிட்டாலோ வெள்ளைப் புகை ஒழுங்கையையே மூடிவிடும்.

காது வைத்தியர், குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினார். புகை போகவில்லை. டீசலைப் பீச்சும் நொசில்களை மாற்றினார். போகவில்லை. பிறகு டீசல் பம்பையே கழற்றிப் புதிது போட்டார். மூன்று மாதம், ஊகம் அவருடையது, காசு என்னுடையது!

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது ஐயா. காற்றை நெரித்து வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். நெரிப்பே இல்லையென்றால் எந்தப் பம்பைப் போட்டு என்ன? ஹீட்டர் பிளக் துளையில் நெரிப்பை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, டீசலை நிறுத்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றினால் தெரிந்துவிடும். தெமட்டகொடையில் ஒரு பையன் அதைத்தான் செய்தான். மூன்று சிலிண்டர்கள் 400 பிஎஸ்ஐ அழுத்தத்தை ஒட்டி நின்றன; ஒன்று மட்டும் 240. அதில் துளி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினான். முள் ஏறியது. ஆயில் அடைப்பது பிஸ்டன் ரிங்கின் இடைவெளியை; வால்வு என்றால் ஏறாது, ரிங்தான் என்றான். கழற்றினால் சிலிண்டர் சுவரெல்லாம் கீறல். ஏர் ஃபில்டர் குழாயில் விரல் நுழையும் வெடிப்பு, உள்ளே செம்மண். எத்தனை வருடம் வன்னிப் புழுதியைக் குடித்ததோ! மூன்று மாதம் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே கைவிட்டு வேலை செய்த மனிதர் ஒரு தடவை தடவிப் பார்க்கவில்லை.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போடும் செலவைக் கேட்டதும் வேறு எஞ்சின் தேடி, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். கழுவி, வெள்ளிப் பெயின்ட் பூசி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கேஜ் போட்டுப் பார்க்கலாமா என்றால், "நம்பிக்கை இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்." நான்காவது கடைக்காரர்தான் பேட்டரி கொண்டுவந்து சுற்றவிட்டார். அங்கேயே வாங்கினேன். பூட்டியாயிற்று, புகை இல்லை. இனி எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வரிசையில் நிற்க வேண்டும்.

நேற்றுக் காது வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். "பழைய எஞ்சினை என்ன செய்யப்போகிறீர்கள் தம்பி? எனக்குத் தாருங்களேன். அதிலுள்ள பம்ப் புதிதுதானே."