கழுத்துத் தோல் தொய்ந்திருக்கிறதா? மெஷினைத் தேடும் முன் இதைப் படியுங்கள்

மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அக்கா ஒரு பார்லரில் முகத்துக்கும் கழுத்துக்கும் ஹைஃபூ என்ற, தோலை இறுக்கும் மெஷின் சிகிச்சை செய்துகொண்டாள். 54 வயது. "கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரே சிட்டிங்" என்றார்களாம். கல்யாணத்தன்று எந்த மாற்றமும் இல்லை. நாலு மாதம் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே ஒட்டியிருந்த கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவர்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம். ஆசைப்பட்டது தப்பே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே மெஷினை விற்றதுதான் தப்பு.

அப்புறம் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் எந்த மெஷினையும் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "ஈ" சொல்லச் சொன்னார். கழுத்தில் இரண்டு கயிறு போல நரம்பு புடைத்தது. நரம்பு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது பிளாட்டிஸ்மா என்ற தசையாம். அதைத் தளர்த்த போடாக்ஸ் ஊசி. பிறகு தாடைக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். தடிமனாக வந்தால் கொழுப்பு, மெல்லிசாக வந்தால் தோல். அக்காவுக்கு மெல்லிசு. சர்க்கரைக்காக எடை குறைத்ததில் வந்த தொய்வு.

ஹைஃபூ என்பது அல்ட்ராசவுண்ட் சூடு. தோலுக்கு அடியில் சுமார் 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை, 60 டிகிரிக்கு மேல். அந்தச் சூடு பட்டதால் உடம்பு புதுக் கொலாஜன் (தோலை இறுக்கமாக வைக்கும் புரதம்) உண்டாக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்று வாரத்தில் என்ன தெரியும்? ஒல்லி முகத்தில் சூடு கொழுப்பில் பட்டால் அதுவும் கரையும். லேசான தொய்வுக்குத்தான் இது. மடிப்பாகத் தொங்கினால் ஆபரேஷன்தான் வழி என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

"எஃப்டிஏ அங்கீகாரம்" என்ற போர்டை நம்பாதீர்கள். எஃப்டிஏ என்பது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு. அல்தெரபி என்ற ஒரு ஹைஃபூ மெஷினுக்குப் புருவத்துக்கு 2009லும் கழுத்துக்கு 2012லும் அனுமதி கிடைத்தது உண்மை. அது அந்த மெஷினுக்கு மட்டும். ஹைஃபூ என்று பெயர் ஒட்டிய எல்லாப் பெட்டிக்கும் அல்ல. அதே எஃப்டிஏ 2025 அக்டோபரில், ஊசியோடு சூடு கொடுக்கும் இன்னொரு முறையான ஆர்எஃப் மைக்ரோநீடிலிங்கால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு வருவதாக எச்சரித்தது.

யாராவது பார்லரில் முன்பணம் கட்டியிருந்தால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். முதலில் கண்ணாடி முன் நின்று, பல்லைக் கடித்து "ஈ" சொல்லிப் பாருங்கள். அப்புறம் ஒரு தோல் மருத்துவரிடம் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.