தாலி கட்டிக்கொண்டவர் மனைவி இல்லையா?

இறந்த கணவரின் பென்ஷனைக் கேட்கப் போன ஓர் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை பென்ஷன் கவுன்ட்டரில் நடந்தது தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் சாட்ஸ்வொர்த் முழுக்கத் தெரியும். "பேப்பர் இல்லை, அதனால் நீங்கள் அவர் மனைவி இல்லை." எழுபது தாண்டிய அந்த அம்மாவிடம், வரிசையில் அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை.

அந்த அம்மா தருமம் கேட்டுப் போகவில்லை. டர்பனில் இந்தியர்களுக்கென இருந்த கடற்படைப் பயிற்சித் தளமான ஜல்சேனாவில் பயிற்சி எடுத்துக் கடற்படையில் வேலை பார்த்தவரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம் அது.

அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான ஜி.இ.பி.எஃப். விதிப்படி ஓய்வூதியக்காரர் இறந்தால் மனைவிக்கு அவர் பென்ஷனில் பாதி. ஓய்வுபெறும்போதே கேட்டிருந்தால் முக்கால். ஓய்வுபெற்ற 5 வருடத்துக்குள் போய்விட்டால் மீதி மாதங்களின் தொகையும் மொத்தமாக வரவேண்டும். இவர் மூன்றாம் வருடத்தில் போனார்.

சிக்கல் கல்யாணத்தில். கோயிலில் நடந்தது, நடத்திய ஐயர் பதிவு பெற்ற திருமண அதிகாரி இல்லை. திருமணங்களைப் பதியும் ஹோம் அஃபேர்ஸ் துறையின் கணக்கில் இருவரும் மணமாகாதவர்கள்.

"அப்போதே பதிந்திருக்கலாமே" என்பீர்கள். பதிந்திருக்கலாம்தான். பதியாததால் நாற்பது வருடக் குடும்பம் பொய்யாகிவிடுமா? "சட்டம் சட்டம்தான்" என்பவர்களுக்கு: உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் பங்குண்டு என்று 2008-லேயே டர்பன் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வாரிசுரிமை வழக்கு, பென்ஷன் வழக்கு இல்லை, தெரியும். ஆனாலும் நம் வீட்டுப் பெண்ணை மனைவி என்று ஒரு நீதிபதி ஒத்துக்கொண்டார். கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஏன் முடியவில்லை?

பேப்பர் இல்லையென்றால் அஃபிடவிட் எழுதலாம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் போலீஸ் ஸ்டேஷனில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடணும். கோயில் கடிதம், இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பழைய போட்டோ எல்லாம் சேர்க்கணும். நம் பெயர்களில்தான் பெரிய தொல்லை: ஐடியில் அப்பா பெயர், பிறப்புச் சான்றில் புருஷன் பெயர், கவுண்டர் என்ற குடும்பப் பெயர் ஒரு தாளில் கவெண்டர், இன்னொன்றில் கவுண்டன். எல்லாம் ஒரே ஆள்தான் என்று தனி அஃபிடவிட் வேண்டும். இல்லாவிட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

இறந்தவர் கணக்கில் வந்து தேங்கிய பணத்துக்கு இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் போகணும். மொத்தச் சொத்து 2,50,000 ரேண்டுக்குள் என்றால் மாஸ்டர் தரும் அதிகாரக் கடிதமே போதும். அதுவரை அவருடைய ஏடிஎம் கார்டைத் தொடாதீர்கள். இறந்தபின் வந்த பென்ஷனைத் திருப்பிக் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா மறுபடி போகிறார். கல்யாணத்தன்று பந்தி பரிமாறிய இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் வருகிறார்கள். ஒருவருக்கு நடக்க முடியாது. கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.