யூடியூப் ஓடுதாம், அதனால் லைன் நல்லா இருக்காம்!

'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று அம்மா வீட்டு இன்டர்நெட் கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள்? போனில் அம்மா பேசுவது எனக்குக் கணீரென்று கேட்கிறது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. இதற்குப் பெயர் தீர்வு!

அம்மா காவேரிப்பட்டணத்தில், நான் தர்மபுரியில். இரண்டு வீட்டிலும் பழைய லேண்ட்லைன் போன், பக்கத்தில் அதை இன்டர்நெட் வழியாகப் பேச வைக்கும் ஒரு ஏடிஏ பெட்டி, நடுவே வாடகைக்கு எடுத்த குட்டி சர்வரில் அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள். அம்மா 101 அழுத்தினால் என் வீட்டில் மணியடிக்கும். 'வாட்ஸ்அப்ல கூப்பிட வேண்டியதுதானே' என்று சொல்ல வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடலாம். அந்தப் பச்சைப் பொத்தானை மேலே இழுப்பதா, பக்கத்தில் தள்ளுவதா என்று அம்மா போராடுவதற்குள் மணி நின்றுபோவதை நீங்கள் பார்த்ததில்லை.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'இலவச அப்கிரேடு' என்று சொல்லி, யாரும் கேட்காமலேயே புண்ணியவான்கள் அம்மா வீட்டு ரவுட்டரை மாற்றிவிட்டார்கள். புது ரவுட்டரில், இன்டர்நெட் போன் அழைப்புக்கு உதவுகிறேன் என்று எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு உபகாரி குடியிருக்கிறது. இன்டர்நெட் அழைப்புகள் வழக்கமாகப் போகிற வாசலான 5060 போர்ட்டில் போகிற தகவலைப் பிரித்துப் படித்து, உள்ளே இருக்கும் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதும். உதவி செய்கிறதாம்! அதன் பிறகு என் குரல் எந்தச் சந்தில் போய் முட்டுகிறதோ, அந்த ஏஎல்ஜிக்கே வெளிச்சம். இன்டர்நெட் போன் பழகுகிற யாரைக் கேட்டாலும் முதலில் ஏஎல்ஜியை அணை என்பார்கள். அணைக்க விட்டால்தானே? அட்மின் பாஸ்வேர்டு கம்பெனியிடம். நமக்குக் கொடுத்த லாகினில் வைஃபை பெயரை மாற்றி அழகு பார்க்கலாம்.

சரி, கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். பாட்டு. அப்புறம் இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு குரல்.

"நெட் வருதுங்களா சார்?"

"வருதுங்க. குரல் ஒரு பக்கம்தான் போகுது. ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜியை மட்டும் ஆஃப் பண்ணிக் கொடுங்க."

"யூடியூப் ஓடுதுங்களா சார்?"

"ஓடுதுங்க. ஆனா நான் சொல்றது..."

"அப்ப லைன் நல்லா இருக்குங்க சார். ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணியாச்சு என்றேன். மறுபடி பண்ணச் சொன்னார். ரவுட்டர் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறது, நான் தர்மபுரியில் இருக்கிறேன் என்றேன். "பரவால்லைங்க சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். பிறகு 100 எம்பிபிஎஸ் போதவில்லை போலிருக்கிறது, 200க்கு மாறுங்கள் என்று ஆலோசனை வேறு. அடப்பாவிகளா, குரலை எண்களாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஒரு பக்கப் பேச்சுக்கு வேண்டியது வினாடிக்கு 64 கிலோபிட். மேலே சுற்றுகிற முகவரித் தகவல் சுமையெல்லாம் சேர்த்தாலும் 100 கிலோபிட்டைத் தொடாது. வேகமா கேட்டேன்? முகவரியைத் திருத்தாதே என்றுதானே கேட்டேன்! யூடியூப் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். பேச்சு 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலமாக, அந்தந்த நொடியில், இரண்டு பக்கமும் வந்துசேர வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆள் அனுப்பினார்கள். அம்மா மோர் கொடுத்திருக்கிறார். வந்த தம்பி தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "பாருங்கம்மா, சூப்பரா ஓடுது" என்றிருக்கிறார். ஏடிஏவைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்கம்மா, எங்க ரவுட்டர்லயே போன் போர்ட் இருக்கு, எங்க லேண்ட்லைன் எடுத்துக்கச் சொல்லுங்க" என்று வியாபாரமும் பேசியிருக்கிறார். போகும்போது ஓடிபி கேட்டார், அம்மா படித்துச் சொன்னார், புகார் தீர்ந்தது.

நிபுணர்களே, 5060ஐ விட்டு வேறு போர்ட்டுக்குப் போ, தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் போடு என்று கிளம்பாதீர்கள். தெரியும். அந்தப் பழைய ஏடிஏ பெட்டிக்கு டிஎல்எஸ் வராது. போர்ட்டை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் மாற்றத்தான் போகிறேன். கம்பெனிக்காரன் செய்த உதவியிலிருந்து தப்பிக்க நான் கைக்காசு போட்டுப் போக வேண்டும்.

அதற்குள் நேற்று நடந்ததைக் கேளுங்கள். அம்மா கூப்பிட்டார். "வியாபாரி வந்து நிக்கிறாருடா. பெங்களூரா மாங்காய மொத்தமா கேக்கிறாரு. கொடுத்துடட்டுமா?" விலையைச் சொன்னார். "வேண்டாம்மா! கொடுக்காத!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. "என்னடா, ஒண்ணும் பேச மாட்டேங்கற? சரி, உனக்கும் சம்மதம்னா கொடுத்துடறேன்" என்று வைத்துவிட்டார். அவர் செல்போனுக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். வழக்கம்போல சார்ஜ் இல்லாமல் பீரோ மேலே தூங்கியிருக்கும்.

மாந்தோப்பே போச்சு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, சிரித்துத்தான் வைத்தேன்.

அந்த வியாபாரியைக் கேட்டால் மாம்பழக் கூழ் பேக்டரிக்காரன் அவ்வளவுதான் கொடுக்கிறான் என்பார். பேக்டரிக்காரனைக் கேட்டால் வெளிநாட்டு ஆர்டர் இல்லை என்பான். எல்லாம் சரி. மாங்காய் விலை விழுந்த வருஷத்தில் எந்தக் கடையிலாவது மாம்பழ ஜூஸ் பாட்டில் விலை ஒரு ரூபாய் குறைந்து பார்த்திருக்கிறீர்களா?