மிச்சமாம் மிச்சம்

சனிக்கிழமை நியூயார்க் ஹார்லெமில், 'சில்வியாஸ்' என்கிற கறுப்பினத்தவர் சாப்பாட்டுக் கடையில் எடுத்து நான் போட்ட போட்டோவுக்குக் கீழே, நம்ம நண்பர் ஒருத்தர் போட்ட கமெண்ட்டைப் பாதிப்பேர் பார்த்திருப்பீங்க. இப்போ அழிச்சிட்டார். ஸ்க்ரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீங்க, தரமாட்டேன். "அடிமைங்க தின்ன மிச்சம், இதுக்கா இவ்வளவு தூரம்?" என்பதுதான் சாரம்.

கூட வந்தவரே அவர்தான். எனக்கு எதிரில் உட்கார்ந்து, பொரிச்ச கோழியின் தோலை நகத்தால் உரிச்சுத் தட்டோரம் ஒதுக்கினவர். காலர்ட் கீரையை முள்கரண்டியில் தூக்கிப் பார்த்து "என்ன, கறுத்துப்போயிருக்கு" என்றவர். நின்னு வெந்த கீரை பின்னே எப்படி இருக்கும்? அடியில் நிற்கிற சாற்றுக்கு 'பாட்லிக்கர்'னு தனிப் பேரே உண்டு. சோள ரொட்டியைப் பிய்ச்சு அதில் தோய்ச்சுச் சாப்பிடணும். அவர் கரண்டி அடிவரைக்கும் போகவே இல்லை.

சில்வியாஸ் சும்மா முளைச்ச கடை இல்லைங்க. சில்வியா உட்ஸ் தென் கரோலினாவின் ஹெமிங்வேயிலிருந்து வந்தவர். தான் பரிமாறும் வேலை பார்த்த சின்னக் கடையையே 1962இல் வாங்கினார். ஊரில் அவங்க அம்மா நிலத்தை அடமானம் வெச்சுக் கொடுத்த பணம். 2012இல் அவர் இறந்த பிறகும் குடும்பம்தான் நடத்துது. நிலத்தை அடகு வெச்சு ஆளான கதை நம்மாளுக்குப் புரியாதா என்ன?

மிச்சமாம். எஜமான் வீட்டு அடுப்பில் சமைச்சதும் நீங்க சொல்ற அந்த அடிமைங்கதானே? கரோலினா நெல் வயலில் சேற்றில் நின்றதும் அவங்கதான். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் பயிரிட்ட கை அது. நீங்க தள்ளி வெச்ச பயறு நம்ம காராமணி சார், அதுக்குப் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். கொலுவுக்கு உங்க வீட்டில் சுண்டலாகும்போது மட்டும் மிச்சம் இல்லையோ?

எண்ணெய், சர்க்கரை, உடம்புக்கு ஆகாது என்பீங்க. சரி, மைசூர்பாகு மூலிகையா? அடுத்து. பிடிக்கலைன்னு சொல்லக்கூட உரிமை இல்லையான்னு ஒருத்தர் கேட்டார். தாராளமா இருக்கு. பாகில் ஊறின சர்க்கரைவள்ளி எனக்கே திகட்டும். திகட்டுதுன்னு சொல்லுங்க, உறைப்பு பத்தலைன்னு சொல்லுங்க. சமைச்சவங்க பரம்பரையை ஏன் இழுக்கறீங்க?

விளையாட்டுக்குச் சொன்னாராம். அவர் விளையாட்டு எனக்குத் தெரியும். ஆறு வருஷம் முன்னாடி என் மனைவி நெத்திலிக் கருவாடு வறுத்தாள்னு, அப்போ இருந்த அபார்ட்மெண்டில் புகார் கடுதாசி வந்தது. அதைப் பொங்கல் விருந்தில் எல்லார் முன்னாடியும் ராகம் போட்டு வாசிச்சவர் இவர். எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சாள். அதிலிருந்து ஜனவரிக் குளிரிலும் ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சு, கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் அவள் கருவாடு வறுப்பாள். தனி வீட்டுக்கு வந்தாச்சு, இன்னும் அப்படித்தான்.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. எனக்கு இருக்கு.

அப்புறம், அன்னிக்கு மேசையில் மிஞ்சின விலாக்கறியையும் சோள ரொட்டியையும் டப்பாவில் கட்டி எடுத்துட்டுப் போனது யாருன்னு அவரையே கேளுங்க.