இரண்டும் 500 குதிரைத்திறன்தானே?

ஃபோர்டு எஃப்-350 பிக்கப்பில் 500 குதிரைத்திறன் வரை கிடைக்கிறது. 36 டன் எடையோடு நெடுஞ்சாலையில் போகும் லாரிக்கும் பெரும்பாலும் அதே 500தான். "அப்படியானால் லாரிக்காரர்கள் ஏன் 15 லிட்டர் என்ஜினைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில், லாரிக்காகப் பேசும் என் கட்சிக்காரர்களின் தவறான பதில்: "லாரியில் முறுக்குவிசை (தண்டைச் சுழற்றும் விசை) அதிகம், அதனால்தான் இழுக்கிறது." அந்த பிக்கப்பின் 6.7 லிட்டர் டீசல் 1,600 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருகிறது. லாரிகளில் வரும் 15 லிட்டர் என்ஜினான கம்மின்ஸ் எக்ஸ்15 தருவது 2,500-க்கும் மேல். உண்மைதான். ஆனால் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசையைக் கியர் பெருக்கித் தருகிறது. தகுந்த கியர் இருந்தால், 36 டன்னை 6 சதவீத ஏற்றத்தில் எந்த 500 குதிரைத்திறனும் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற்றும். இயற்பியல் கட்சி பார்ப்பதில்லை.

எத்தனை நேரம் ஏற்றும்? சண்டை இங்கேதான் இருக்க வேண்டும். பிக்கப்பில் 500 தரும் ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல், எஃப்-650 என்ற பெரிய வண்டிக்குப் போனதும் 330-க்கு இறங்கிவிடுகிறது. வண்டி பெரிது, சக்தி சிறிது! ராம் நிறுவனமும், பின்னால் வேலைக்கேற்ற உடல் கட்டிக்கொள்ளும் தன் கனரக அடிச்சட்ட வண்டிகளில், கம்மின்ஸ் என்ஜினின் சக்தியைப் பிக்கப்பில் இருப்பதைவிடக் குறைத்தே தருகிறது. பிக்கப் ஓட்டுபவர் முழு விசையைக் கேட்பது சில நிமிடங்களுக்கு. வேலை வண்டி அதை நாள் முழுவதும் கேட்கும். பிஸ்டனும் டர்போவும் ரேடியேட்டரும் அந்த வெப்பத்தைத் தாங்கியாக வேண்டும். தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் விளம்பரத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்?

பிக்கப்பைக் கேலி செய்யவில்லை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற இழுவைத் தரநிலை, அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலையை அளவுகோலாக வைத்திருக்கிறது. 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுவதும் ஓடவிட்டு, டிரெய்லரோடு சுமார் 18 கிலோமீட்டர் ஏற வேண்டும், வேகம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விழக்கூடாது. நேர்மையான சோதனை. ஆனால் 18 கிலோமீட்டர்.

ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம், இறங்குவதை யாரும் கேட்பதில்லை. எக்ஸ்15-இன் என்ஜின் பிரேக் (என்ஜினையே வேகம் குறைக்கப் பயன்படுத்தும் ஏற்பாடு) மட்டுமே 600 குதிரைத்திறன் அளவுக்கு எதிர்விசை தரும்; அதற்கு மேல் காற்று பிரேக்குகள், ஒவ்வொரு ஆக்சிலிலும். பிக்கப்பின் எடையோ நான்கு டன்னைச் சுற்றித்தான். பின்னால் இருப்பது அதைவிடப் பல மடங்கு கனமென்றால், டிரெய்லர் பிரேக் சரியாக அமைக்கப்படாத அன்று யார் யாரை ஓட்டுகிறார்கள் என்பது சந்தேகம். எனக்கு அது ஐந்தே டன்னோடு நடந்தது. ஏற்றத்தில் வண்டி பாடிக்கொண்டு ஏறியது. இறக்கத்தின் பாதியில் கருகல் வாடை; ஓரங்கட்டி நிறுத்தி, சக்கரம் ஆற முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் எங்களைக் கடந்த லாரிகள் ஒன்றுகூட அவசரப்படவில்லை.